திருவிழாத் தண்ணீரில் ஆறு மீன்கள்

சென்னையில் மகள் வீட்டு மீன்தொட்டிக்காக ஒரு சின்னப் புட்டி வாங்கியிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் குளோரின் போய்விடுமாம். தண்ணீரில் குளோரினைப் போடுவதற்கே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடி வைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் குடிநீர்ப் பிரிவில் இருந்தேன். கல்யாணமான புதிது. ஊரில் யாரையும் தெரியாத என் மனைவி எஸ்தர், மதுரையிலிருந்து ஆறு வரிமீன்களைப் பாலிதீன் பையில் போட்டு, மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கொண்டுவந்தாள். நீலக் கோடு போட்ட சுண்டுவிரல் நீள மீன்கள். எதையும் தாங்கும், தனிமையை மட்டும் தாங்காது. ஆறும் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாக விரையும். எங்கள் அலுவலகத்தில் காணக் கிடைக்காத ஒற்றுமை. சனிக்கிழமைதோறும் குழாயில் பிடித்துப் பாதித் தண்ணீரை மாற்றுவாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் நெரியும். காலரா பயத்தில் பிளீச்சிங் பவுடரை இரட்டைப் பங்கு போடுவோம். உத்தரவை எழுதியவன், பவுடரை அளந்தவன், கரைப்பதை மேற்பார்வையிட்டவன் எல்லாம் நான்தான். வீட்டில் சொல்வது நடைமுறையில் இல்லை. அந்த வருடம் பவுடர் போட்ட நாள் சனிக்கிழமை.

மத்தியானம் சாப்பிட வந்தபோது வாசலிலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஆபீஸ் சுவத்துல ஒட்டத் தெரிஞ்சுது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியலியே" என்றாள் எஸ்தர்.

குடத்தோடு அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு ஓடினேன். விசைத்தறி வைத்திருந்த அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கொடுத்தார்.

"உம்ம தண்ணில உம்ம வீட்டு மீனே சாவுதாம். நாங்க எப்படி வே குடிக்க?"

"மனுசனுக்கு அது ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி."

"அப்பம் நீரு ஒரு செம்பு குடிச்சுக் காட்டும்."

"மீனக் காப்பாத்திட்டு வந்து குடிக்கேன்."

ஒன்றுதான் பிழைத்தது. மூலையில் ஒதுங்கி நின்றது. இரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் எஸ்தர் என் சவரக் கண்ணாடியை எடுத்துத் தொட்டியோடு சாய்த்து வைத்தாள். கண்ணாடிக்குள் தெரிந்த மீனோடு சேர்ந்து இது நீந்தியது, சாயங்காலம் இரையெடுத்தது. மதுரையிலிருந்து வேறு ஐந்து மீன்கள் வரும்வரை பத்து நாள் கன்னத்தைத் தடவிப் பார்த்தே சவரம் செய்துகொண்டேன். பிளாஸ்திரியோடு போன என்னிடம் அலுவலகத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை. கல்யாணமான புதிது என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

கையெழுத்தாகாத உத்தரவை வெளியே விடக் கூடாது என்பது விதி. அடுத்த வருடத்திலிருந்து, மருந்து போடும் தேதியை இரண்டு நாள் முன்பே எஸ்தர் காதில் போட்டுவிடுவேன். அவளும் ஒன்றும் தெரியாதவள்போல வாளி வாளியாகப் பிடித்து வைப்பாள். பணிக்காலத்தில் நான் தெரிந்தே மீறிய ஒரே விதி அது.

கிணற்றை மூடி மேலே கடை கட்டிவிட்டார்கள். எஸ்தர் போய் நாலு வருடமாகிறது. இப்போது ரகசியத்தைக் கசியவிட எனக்கு ஆளில்லை.