வாழைப்பழ மணம்

வால்தம்ஸ்டோவில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்தவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தார். வளைந்த முதுகு, தூக்கம் தீராத கண்கள். அறையிலேயே ஒரு பெரிய வாளியில் ஏல் பியர் தயாரிப்பார். கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு மணமும் ருசியும் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் கிளாசோடு என் கதவைத் தட்டுவார்.

"தம்பி, வாழைப்பழம் மணக்குதோ?"

அறை சூடேறினால், பியரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் அந்த மணத்தைக் கொடுத்துவிடும்; ஏலுக்கு அது குறை. அந்தக் கோடைக்கென்றே சூடு தாங்கும் ஈஸ்டைத் தேடி வாங்கியிருந்தார். முகர்ந்து பார்த்தேன்.

"ஓம் அண்ணை, மணக்குது."

படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாதே. பிறகேன் இவ்வளவு பாடு?"

"வேலையால வந்து கதவைத் திறந்தா, வாளிக்குள்ள குமிழி விடுற சத்தம் கேக்கும். வீட்டில ஆரோ இருக்கிற மாதிரி."

கிளாசை என்னிடம் தந்துவிட்டு மேலே போனார். குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. சொல்வதற்காக ஏறிப் போனேன். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் புது ஈஸ்ட் பைக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு, குமிழிச் சத்தம் அடங்கிப்போன வாளியருகே நின்றார்.

"நல்லா இருக்கோ? அப்ப முழுக்க நீரே எடும் தம்பி. எனக்கு வாளி வேணும்," என்றார்.