வெயிலில்லாத ஊரை விட்டு வந்தது

கையுறை இரண்டு சோடி போட்டாலும் விரல் நுனி மரத்துப்போகும். கொட் மீனின் சதை அவ்வளவு குளிர்… அதை வெட்டி அடுத்த தட்டுக்குத் தள்ளும்போது உப்புத் தண்ணீரும் பச்சை மீனும் கலந்த ஒரு மணம் வரும். கலியாணம் முடித்துப் போன புதிதில் அந்த மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது கொழும்பில், வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்க நிற்கும்போது அதைத்தான் தேடுகிறேன். கிடைப்பதில்லை.

நான் சொல்வது நோர்வேயின் வடக்கில் ஒரு சின்னக் கடலோர ஊரை. ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு தேவாலயம், ஒரு கடை, கப்பல் வந்து நிற்க ஒரு இறங்குதுறை. சுற்றிவர மலை. மலையின் பாதிக்கு மேல் எப்போதும் முகில்தான். எப்போதாவது வெயில் எறித்தால் தொழிற்சாலையில் எல்லோரும் கத்தியை வைத்துவிட்டு ஜன்னலடிக்குப் போய்விடுவோம்.

இவர், என் கணவர், எனக்கு முன்பே அங்கே போய் வேலையில் இருந்தவர். எங்களைப் போல ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அப்போது இருந்தன.

தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்றவள் பெரித் என்ற அந்த ஊர்க்காரி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கலியாணம் முடிக்கவில்லை. ஊரின் முனையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் ஒரு மஞ்சள் வீட்டில் தனியே இருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். எனக்கோ பாஷையே தெரியாது. ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி அதன் பெயரைச் சொல்லுவாள். கத்தி… பனிக்கட்டி… கை. நான் திருப்பிச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மீனை வெட்டத் தொடங்கிவிடுவாள். அந்த நாட்டுப் பாஷையை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அவளிடம்தான் படித்தேன்.

தொழிற்சாலையில் மீன் தலைகளை எறிந்துவிடுவார்கள். நாங்கள் அதைக் கேட்டு வாங்கிக் குழம்பு வைப்போம். ஒருநாள் பெரித்துக்கும் கொடுத்தேன். கண்ணெல்லாம் கலங்கி, மூக்கைத் துடைத்து, ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினாள்.

பிறகு தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஒஸ்லோவுக்குப் போயின. அங்கே கோயில் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நான் இறங்குதுறைக்குப் போய்க் கையசைத்துவிட்டு வருவேன். கடைசியில் நாங்கள் மட்டும்தான். எங்கள் மகளும் படிக்க ஒஸ்லோ போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரித் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். அவள் கம்பளி பின்னுவாள். நான் கோப்பியை வைத்துக்கொண்டு முகில் மலையிலிருந்து இறங்கிக் கடலை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சொல்லும் பேசாமல் பின்னேரம் போய்விடும். ஆனால் வீடு திரும்பும்போது நிறையக் கதைத்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

இவருக்குப் பென்ஷன் வந்ததும் கொழும்புக்குப் போவோம் என்றார்.

"கடைசிக் காலத்திலயாவது நாலு தமிழ்ச் சனத்தோட கதைச்சுக்கொண்டு இருப்பம்."

ஓம் என்றேன். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் என்ன காரணம் இருந்தது? முகிலையும் ஒரு வெள்ளைக்காரியையும் காரணமாகச் சொல்ல முடியுமா…

பெரித்திடம் சொன்னபோது அங்கே வெயில் இருக்கும்தானே என்று கேட்டாள். நிறைய இருக்கும் என்றேன். பின்னலில் ஒரு கண்ணி தவறிவிட்டது போல. அதைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

போகிற அன்று தூறல். கடைக்காரர் வந்தார், தொழிற்சாலையில் இருந்து இரண்டு மூன்று பேர் வந்தார்கள். பெரித் வரவில்லை. கப்பல் புறப்படும்வரை பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவள், வந்து ஒருதரம் கையைப் பிடித்துவிட்டுப் போகக்கூடாதா என்று கோபம் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்து கூப்பிட்டார்.

"இஞ்ச வந்து பாரும். உம்மட சிநேகிதி நிக்கிறா."

கப்பல் ஊர்முனையைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பாறைமேல், மழையில், பெரித் ஒரு பெரிய வெள்ளை மேசைவிரிப்பை இரண்டு கையாலும் தூக்கி வீசிக்கொண்டிருந்தாள். இறங்குதுறையில் நின்றால் அழவேண்டி வரும், அதுவும் ஊர் பார்க்க. அதுதான் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானும் என் சால்வையைக் கழற்றி வீசினேன். முகில் வந்து மூடும்வரை அந்த வெள்ளை தெரிந்தது.

இப்போது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில், ஐந்தாம் மாடி. இவருக்குச் சந்தோஷம். காலையில் கோயில், பின்னேரம் மரைன் டிரைவில் கூட்டாளிகளோடு அரசியல். நான் அதைக் கெடுக்க விரும்பவில்லை.

ஒருதடவை மட்டும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாளிடம் வாய்விட்டேன். "அந்த ஊரை நினைச்சா எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"அந்த இருட்டையும் குளிரையுமோ? உங்களுக்கென்ன விசரே மச்சாள்?"

நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. இவர் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை, அந்தத் துணிவில்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரித்துடன் போனில் கதைப்பதுண்டு. ஆனால் எங்களுக்கு அது சரிவருவதில்லை. இரண்டு பேரும் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டதோ என்று அவள் "ஹலோ, ஹலோ" என்கிறாள். அந்தப் பேசாமல் இருப்பதற்குத்தானே நான் போன் எடுப்பது…

போன கிழமை ஒருநாள் விடியவே மப்பு. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். நான் தனியே மரைன் டிரைவுக்குப் போய், கரையோர ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லில் மோதும் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் போன் எடுத்தார்.

"எங்க நிக்கிறீர்? மழை வரப்போகுது."

"வாறன்" என்றேன்.

சொன்னதுபோலவே மழை கொட்டியது. நடக்க வந்தவர்கள் எல்லோரும் கடை வாசல்களுக்கு ஓடினார்கள். ஓட்டோக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, நனையாமல் ஏறுங்கள் என்று சிங்களத்தில் கூப்பிட்டார். நல்ல மனுஷன். வேண்டாம் என்று கைகாட்டினேன்.

அந்த ஊரில் மழைக்கு யாரும் ஓடமாட்டார்கள். நானும் ஓடாமல், மெதுவாக நடந்துதான் வீட்டுக்குப் போனேன்.