ஸ்டியரிங்கில் தேங்காய் எண்ணெய்

சென்ற வாரம் முழுவதும் நான் எந்தப் புத்தகத்தையும் உருப்படியாகப் படிக்கவில்லை. செமினார் கட்டுரை பாதியில் நின்றது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள் — ஒரு கார் ஸ்டியரிங் காயவில்லை.

துணி காயவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் திற்பரப்புப் பக்கம் எல்லா வீட்டிலும் அந்தப் புலம்பல்தான். ஆனால், ஸ்டியரிங்?

சொல்கிறேன்.

கார் அண்ணனுடையது. அவனுக்குத் துபாயில் வேலை. போன லீவுக்கு வந்தபோது, வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த நண்பன் ஒருவனிடமிருந்து அதை வாங்கினான். நண்பன் ரசனைக்காரன். ஸ்டியரிங் முழுக்க ஸ்வேட் போன்ற ஒன்றைச் சுற்றித் தைத்திருந்தான். தோல் அல்ல, தோலைப் போல நடிக்கிற துணி. கருஞ்சாம்பல் நிறம். விரலால் ஒரு பக்கம் நீவினால் இருளும். மறு பக்கம் நீவினால் வெளுக்கும். பூனையின் முதுகைத் தடவுவது போலிருக்கும். அண்ணன் அந்தக் காரை வாங்கியதே ஸ்டியரிங்குக்காகத்தான் என்பது என் சந்தேகம். எஞ்சினைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

புறப்படும் நாளில் சாவியை என்னிடம் தந்தான். நான் லைசென்ஸ் எடுத்த புதிது.

"ஓடாமக் கெடந்தா பேட்டரி போவும். அதுக்குத்தான் தாரேன், கேட்டியா? சர்ச்சுக்குப் போ, வா. அதுக்கு மேல வேண்டாம்."

அதற்கு மேல்தான் ஓடியது. அம்மாவுக்கு முழங்கால் முட்டுவலி வந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு வாரந்தோறும் வரச் சொன்னார்கள். எங்கள் ஊர் பஸ் எப்படியிருக்கும் என்பதைத் திற்பரப்பு அருவிக்கு வந்துபோனவர்கள் அறிவார்கள் — ஈரத் தலையும், பிழியாத துண்டுமாக ஏறுகிற கூட்டத்தில் இருக்கையாவது, கிடைப்பதாவது! ஆஸ்பத்திரியில் சரியான முட்டு, பஸ்ஸில் நின்றே கெட்டு, வீடு வந்து சேரும். அப்பா இல்லாத வீடு. நான் காரை எடுத்தேன். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். "பாத்து" என்று மட்டும் சொன்னான்.

பல மாதங்கள் கழித்துப் போன வாரம் போன் வந்தது. லீவு கிடைத்துவிட்டது, வருகிறான். அதோடு இன்னொன்றும் சொன்னான்.

"ஒரு ஆளு வண்டியக் கேக்கான். வந்து பாத்துட்டுத் தீர்மானிப்போம். ஒழுங்கா வெச்சிருந்தா இருக்கட்டு. இல்லேன்னா குடுத்திருவேன்."

அம்மா தன்னையறியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் ஷெட்டுக்குப் போனேன்.

அன்றாடம் பிடிக்கிற ஒன்றை நாம் பார்க்கிறோமா? நான் பார்த்திருக்கவில்லை. பூனை முதுகு எங்கே போனதோ... அங்கே இருந்தது மழையில் நனைந்த எருமையின் முதுகு. கறுத்து, இறுகி, மினுமினுவென்று. பத்து வருடம் வாடகைக்கு ஓடிய வண்டியின் ஸ்டியரிங் போல.

அம்மாவிடம் சொன்னேன். எட்டிப் பார்த்தார்.

"அழுக்கா? ஏட்டி, கண்ணுல ஏதாவது கொறவா? எப்பிடி மினுங்குது பாரு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலை என்பது ஞாயிறு ஆராதனைக்கான முன்னேற்பாடு. நான் துணி தேய்ப்பேன். செருப்புகளைத் துடைப்பேன். அம்மா காரைத் துடைப்பார். எதைக் கொண்டு? அலமாரிக் கதவையும் சாப்பாட்டு மேசையையும் எதைக் கொண்டு துடைப்பாரோ அதைக் கொண்டுதான் — தேங்காய் எண்ணெயில் ஒற்றிய துணி. டேஷ்போர்டு, கதவுப் பிடி, கியர்... கடைசியாக, மிகுந்த அன்போடு, ஸ்டியரிங்.

எங்கள் பக்கத்தில் சுத்தம் என்றால் மினுக்கம். தலைமுடி மினுங்க வேண்டும், தரை மினுங்க வேண்டும், மரச்சாமான் மினுங்க வேண்டும். ஆனால் இந்தத் துணியின் சட்டம் தலைகீழானது. இதில் மெல்லிய இழைகள் புல்லைப் போல நிமிர்ந்து நிற்கும். அப்போது அது மங்கலாகத் தெரியும். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து இழைகளை ஒட்டிப் படுக்க வைத்துவிட்டால் மினுங்கும். அதாவது, மினுக்கம்தான் அழுக்கு. இதை அம்மாவிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது? "என் கை வியர்வைதான் அம்மா" என்றேன். அது பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல.

மார்த்தாண்டத்தில் கார் அலங்காரக் கடை ஒன்றுக்குப் போனேன். மென்மையான பிரஷ் கேட்டேன். கடைக்காரர் என் கையிலிருந்த போனில் ஸ்டியரிங்கின் படத்தைப் பார்த்தார்.

"இதுக்கு என்னத்துக்குப் பிரஷ்ஷு? மேல ஒரு கவர மாட்டி விடுங்க. அடியில என்ன கெடந்தா ஆருக்குத் தெரியும்?"

"வேண்டாம். பிரஷ் போதும்."

"செரி, அப்ப இந்தப் பாலிஷ் கொண்டு போங்க. ஒரு கோட்டிங் குடுத்தா மொகம் பாக்கலாம்!"

முகம் பார்க்க வீட்டில் கண்ணாடி இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நினைக்கிறவற்றில் பெரும்பகுதியை நான் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன் போலும். பிரஷ்ஷும் மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிக்கொண்டு, அந்த நெரிசலில் காரை ஓட்டித் திரும்பினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. தெரிந்துகொண்ட பிறகு தொடுவது எவ்வளவு சங்கடம்!

முதலில் முகப்பவுடரைத் தூவி ஊறவிட்டேன். எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"ஸ்டியரிங்குக்குப் பவுடரா? இனி ஒரு முழம் பூவும் வெச்சு விடு. பெண்ணு பாக்க வருவாவ."

பவுடரைத் தட்டினேன். குழந்தைகளின் ஷாம்புவை நீரில் கலக்கி, நுரையை மட்டும் துணியில் எடுத்து, கைப்பிடி அகலத்துக்கு ஒரு பகுதியாகத் துடைத்தேன். வெள்ளைத் துணி மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் டீ வடிகட்டிய துணி போல ஆனது. அம்மா அதை வாங்கி முகர்ந்தார்.

"இது நம்ம எண்ண மணம்லா..."

அந்தத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு போய், வலிக்கிற காலை முதலில் உள்ளே வைத்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"இந்தப் பாதிய நான் தொடைக்கேன். அழுத்தணுமா, ஒத்தணுமா? சொல்லு."

"ஒத்தணும் அம்மா."

ஒற்றினோம். இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் எனக்கு நிலைகொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் வெளுக்காதா, இன்னும் ஒரு முறை... நுரை போதாமல் நீரிலேயே துணியைத் தோய்த்து இரண்டு சுற்றுத் துடைத்துவிட்டேன். ஈரம் படலாம், நனையக் கூடாது — இது அந்தத் துணியின் முதல் விதி. படித்திருந்தேன். படித்தது கை வரைக்கும் இறங்குவதில்லை.

ஸ்டியரிங் தண்ணீரைக் குடித்துக் கறுத்துவிட்டது. முன்பைவிட மோசமாக.

வெளியே மழை. ஷெட்டின் ஓட்டிலிருந்து ஒழுகும் சத்தம். காற்றிலேயே ஈரம் இருக்கும்போது எது காயும்? ஹேர் டிரையரை எடுத்தேன். சூடு பட்டால் இழை விறைத்துவிடும் என்ற பயத்தில் வைத்துவிட்டேன். உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பத்தி. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். ஈரம். மறுபடி அதே பத்தி. மறுபடி ஷெட். தொட்டால் காய்வது தாமதமாகும் என்று தெரிந்தும் தொட்டேன்.

"சும்ம ஒரு எடத்துல இரி ஏட்டி! ஒன்னப் பாத்து எனக்கும் வெப்ராளம் வருது" என்றார் அம்மா. அதே பதற்றத்தில் அவரும் உட்கார்ந்திருக்கவில்லை. "அதக் கழத்தி, ரப்பர் ஷீட்டு ஒணத்துற பொகப்புரையில தொங்க விட்டா என்ன?"

ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டியரிங் புகையில் தொங்குகிற காட்சி... இருவரும் சிரித்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து அண்ணனின் வீடியோ கால்.

"வண்டியக் காட்டு."

டயரைக் காட்டினேன். பம்பரைக் காட்டினேன். பின்சீட்டைக் காட்டினேன். ஒரு கீறல் இல்லாத கதவுகள் நான்கையும் வரிசையாகக் காட்டினேன்.

"உள்ள, முன்னால காட்டு."

"மழைக்கு நெட் சரியில்லை அண்ணே."

"டயரு தெளிவாத் தெரிஞ்சுது!"

இணைப்பைத் துண்டித்தேன். நெட் அல்ல, நான்.

கடைசியில் வழி காட்டியது வரவேற்பறை டேபிள் ஃபேன். எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, டிரைவர் இருக்கையில் அதை உட்கார வைத்து, ஸ்டியரிங்கைப் பார்த்து ஓடவிட்டோம். மறுநாள் காலையில் காய்ந்திருந்தது. ஆனால் கஞ்சி போட்டது போல விறைப்பு. பிரஷ்ஷால் ஒரே திசையில் மெல்ல, பிறகு எதிர்த் திசையில், பிறகு வட்டமாக... இழைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கறுப்பு சாம்பலானது. மினுக்கம் மங்கியது. நான் இரு கைகளாலும் பிடிக்கிற இடது, வலது ஓரங்கள் — டிரைவிங் ஸ்கூலில் அப்படித்தான் பிடிக்கச் சொன்னார்கள் — பூனை முதுகாகத் திரும்பி வந்தன.

உச்சியில் ஓர் இடம் மட்டும் வரவில்லை. எத்தனை முறை நீவினாலும் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். அங்கே எழுந்து நிற்க இழையே இல்லை. தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. உள்ளங்கை அளவு.

அந்த இடத்தை நான் பிடிப்பதே இல்லை. ஒற்றை உள்ளங்கையை உச்சியில் வைத்து, ஸ்டைலாக, முழு லீவும் இந்தக் காரைச் சுழற்றியது யார் என்று எனக்குத் தெரியும்.

அழுக்கு வேறு, தேய்வு வேறு. அழுக்கைக் கழுவலாம். தேய்வை என்ன செய்வது? தேய்வின் முன் பிரஷ்ஷைக் கீழே வைப்பதுதான் மரியாதை. வைத்தேன். மனம் மட்டும் கீழே வைக்க மறுத்தது. அந்த வழுக்கை யாருடையது என்று நான் சொன்னால் அவன் நம்புவானா?

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நானும் அம்மாவும் காரில் போனோம். பெட்டிகளை ஏற்றிய கையோடு அண்ணன் வலப்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். நான் மூச்சு விடவில்லை.

"ஸ்டியரிங் புதுசா மாத்துனியா?"

"இல்லை. சுத்தம் செய்தேன்."

"கொள்ளாமே!" என்று மெச்சினான். நான் மூச்சு விடுவதற்குள் கையை நீட்டினான். "சாவியத் தா. நான் ஓட்டுதேன்."

தந்தேன். வேறென்ன செய்வது? அம்மா பின்சீட்டில் காலை நீட்டியபடி என்னைப் பார்த்தார். இனி பஸ்தான் என்பது போல ஒரு பார்வை.

அண்ணன் விறுவிறுவென்று நடந்து போனான். இடப்பக்கக் கதவைத் திறந்தான். உட்கார்ந்தான். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். வலது உள்ளங்கையை ஸ்டைலாக முன்னே நீட்டி வைத்தான் — காற்றில்.

துபாயில் டிரைவர் இருக்கை இடப்பக்கம். கல்ஃபிலிருந்து வந்திறங்கும் எங்கள் ஊர்க்காரர்கள் முதல் நாளில் இப்படித்தான் தவறான பக்கம் ஏறுவார்கள்.

"மக்கா, ஒனக்க ஸ்டியரிங்க அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றார் அம்மா.

அவன் கை இறங்கவில்லை. இறங்கினால் தோல்வி. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, மிகவும் கம்பீரமாகச் சாவியை என் பக்கம் நீட்டினான்.

"சும்ம சீட்டு எப்பிடி இருக்குன்னு பாத்தேன். நீ எடு."

எடுத்தேன். களியக்காவிளை வரை அவன் காலடியில் இல்லாத பிரேக்கை அவன் பலமுறை மிதித்தான். அங்கே வண்டிகள் தேங்கி நின்றபோது, ஸ்டியரிங்கின் உச்சியைச் சுட்டினான்.

"இங்க மட்டும் என்ன, இப்பிடித் தேஞ்சிருக்கு?"

நான் என் இரு கைகளையும் வழக்கமான இடங்களில் வைத்தேன். இடம், வலம். உச்சி வெறுமையாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அந்தக் கையை மடக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

மார்த்தாண்டம் சந்திப்பில் எதிரே லாரி, பக்கவாட்டில் இரண்டு ஆட்டோ, நடுவே மீன் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்கும் ஒரு பெண். ஹார்ன் அடிக்காமல், யாரும் முன்னால் சாயாமல் நிறுத்தி, வழிவிட்டு, எடுத்தேன். அண்ணனின் கால் இந்த முறை அசையவில்லை. அவன் போன் அடித்தது. கார் கேட்ட ஆள்தான்.

"இல்லடே, குடுக்கல்ல... வண்டி இங்க ஓட்டத்துல இருக்கு."

போனைப் பையில் போட்டான். இருக்கையைப் பின்னால் சாய்த்தான். குலசேகரம் போகிற சாலையில் திரும்பியபோது, பின்சீட்டிலிருந்து அம்மா கிசுகிசுத்தார்: "குழியில பையப் போ ஏட்டி... அவன் ஒறங்குதான்."

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எனக்குத் தந்தது ஒரு அட்டை. உண்மையான லைசென்ஸ் அன்று காலை, குறட்டையாக வந்தது.