நோன்பு நாளில் பிப்பெட்: திருச்சுழிப் பக்கப் பள்ளிகளில் ஒரு சுற்று

திருச்சுழிப் பக்கம் போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று போன பதிவின் கீழே ஒரு நண்பர் கேட்டிருந்தார். பெரிய சிவன் கோயில் இருக்கிறது. தண்ணீர் இல்லாத ஆறு இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசலும் கருவேல மரமும் இருக்கின்றன. நான் போனது இவை எதற்காகவும் இல்லை. 1994 பிப்ரவரியில், மாசி பிறந்த கையோடு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கப் போனேன். அப்போது மதுரையில் ஒரு ஆய்வகச் சாமான் கடையில் எனக்கு விற்பனை வேலை. பியூரெட், பிப்பெட், சோதனைக் குழாய், உலக உருண்டை, சுவரில் மாட்டும் எலும்புக்கூட்டுப் படம், இவைதான் சரக்கு. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் எல்லாப் பள்ளிக்கும் அவசரமாக ஏதாவது தேவைப்படும்.

அந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளியைக் கட்டடத்தை வைத்து எடை போடுவதை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். “போன வருடம் என்னென்ன உடைந்தது?” என்று கேட்பேன். நிறைய உடைந்திருந்தால் பிள்ளைகள் கையால் எடுத்துச் செய்கிறார்கள் என்று அர்த்தம். “ஒண்ணுகூட உடையல சார், பத்திரமா வச்சிருக்கோம்” என்று ஒரு தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னால், அந்த அலமாரியின் சாவி தொலைந்துவிட்டது என்று புரிந்துகொள்வேன். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அன்றைக்கு டிக்கெட் ஆறு ரூபாய். காலை ஏழு மணிக்குள் ஏறிவிட்டால் காரியாபட்டியில் இறங்குகிறவர்கள் போக உட்கார இடம் கிடைக்கும். எதிரே மதுரை போகும் பஸ்களில்தான் கூட்டம் பிதுங்கும். என் மடியில் இருந்த மரப்பெட்டியைக் கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி பெட்டியில, முட்டையா?”

“கண்ணாடிக் குழாய்ப்பா.”

“அப்பப் பின்னாடி உக்காராதீக. காரியாபட்டி தாண்டுனா தூக்கித் தூக்கிப் போடும். டிரைவர் அண்ணனுக்குப் பின்னாடி வாங்க.”

காரியாபட்டி நிறுத்தத்தில் எதிர்ப் பஸ்ஸில் ஒரு கும்பல் பிள்ளைகள் தொற்றிக்கொண்டார்கள். “டியூசன் புள்ளைக” என்றார் கண்டக்டர். “ஞாயித்துக்கெழமயும் மதுரைக்குப் போவுதுக. என்னத்தப் படிக்குதுகளோ!” மதுரை ரோட்டில் வீடு இருப்பதே ஒரு படிப்பு வசதி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதே வயதுப் பிள்ளை பத்து மைல் உள்ளே தள்ளிப் பிறந்திருந்தால் அந்தப் பஸ் கிடையாது.

அருப்புக்கோட்டையில் நான் முதலில் போனது ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. வியாபாரக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. லேப்பில் வரிசையாகத் தண்ணீர்க் குழாய், எரிவாயு அடுப்பு, ஆளுக்கொரு பியூரெட். அங்கே ஒரு மாணவி கரைசலை இறக்கிக்கொண்டே கொட்டாவி விட்டாள். அலுப்பா என்று கேட்டேன். “பத்துத் தடவ பண்ணியாச்சு சார். இப்பல்லாம் கனவுலகூட பிங்க் கலர்தான் வருது” என்றாள். நான் புதுச் சாமான் என்று பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் பல்பை எடுத்துக் காட்டினேன். பிப்பெட்டின் உச்சியில் வைத்து அழுத்தி விட்டால் கரைசல் தானே மேலேறும், வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. ஆசிரியை சிரித்தபடி ஒரு இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அதே மாதிரி ஒரு டஜன் கிடந்தது. “எங்க பிள்ளைகளுக்கு வாயால இழுக்குறதுதான் சுளுவு. இதெல்லாம் சும்மா கெடக்கு” என்றார். வியாபாரம் ஆகாத வருத்தத்தோடு பெட்டியை மூடினேன்.

மறுநாள் பரளச்சிப் பக்கம். மழையை நம்பி விதைக்கும் பூமி. அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் உலக உருண்டை இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியின் உச்சியில், பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வருடக்கணக்காக அதை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். நான் அதைக் கீழே இறக்கி, தெரிந்த இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். ஆப்பிரிக்காவின் கீழ்முனை, ஆஸ்திரேலியாவின் அடிப்பக்கம், அதற்கும் கீழே இருக்கும் பனிப் பிரதேசம் என்று மளமளவென்று காட்டினார்கள். இந்தியா எங்கே என்றேன். ஒரு சிறுமி யோசிக்காமல் சொன்னாள்: “அது மேல இருக்கு சார். இங்கருந்து தெரியாது.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது அவள் சொன்னதில் தப்பே இல்லை என்று தோன்றியது. பார்க்க விட்ட அளவுக்கு அவள் முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் திருச்சுழி. அருப்புக்கோட்டையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அங்கே கோயிலைச் சுற்றிவிட்டு, குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீரசோழன் போகும் பஸ்ஸில் ஏறினேன். அந்தத் தடத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். வேதியியல் எடுப்பவர் கஸ்தூரி டீச்சர். கணவருக்கு அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம். இவர் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

லேப் என்பது ஒரு நீளமான அறை, இரண்டு மேசை, மூன்று பியூரெட். வாசலோரம் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. மதியச் சாப்பாடா என்று கேட்டேன்.

“தண்ணி சார். இங்க கெணத்துத் தண்ணி உப்பு. அதுல குழாயக் கழுவுனா கணக்கே மாறிருது. அதான் லேப் இருக்கிற அன்னைக்கு ஆளுக்கொரு வாளி ஊருணித் தண்ணி கொண்டாரச் சொல்லிருக்கேன்” என்றார் டீச்சர்.

அன்றைக்குச் செய்முறைப் பயிற்சி. ஒரு கரைசலைப் பிப்பெட்டால் இருபது மில்லி துல்லியமாக அளந்து குடுவையில் விட வேண்டும். மேலே பியூரெட்டிலிருந்து இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, இளஞ்சிவப்பு தட்டிய கணமே, அதாவது முடிவுநிலையில், நிறுத்த வேண்டும். ஒரு பையனிடம் முடிவுநிலை என்றால் என்னவென்று கேட்டேன். மூச்சு விடாமல் ஒரு பத்தி ஒப்பித்தான். செய்யும்போது நிறம் வந்ததைக் கவனிக்காமல் இறக்கிக்கொண்டே இருந்தான். “ஏலே, நிப்பாட்டுறா, ரோசாப்பூ ஆயிருச்சுடா!” என்று பக்கத்தில் இருந்தவன் கத்தினான். மூன்று பியூரெட்டை முப்பது பேர் பகிர்ந்தால் ஒப்பிக்கத்தான் வரும், கண்ணும் கையும் பழகாது.

அடுத்த முறை ஹாஜிராவுடையது. வீரசோழனிலிருந்து வருகிற பெண். தாவணித் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். வகுப்பில் சொட்டை எண்ணி நிறுத்தத் தெரிந்தது அவளுக்குத்தான். ஆனால் பிப்பெட்டைத் தொடாமல் அளவு ஜாடியில் ஊற்றி அளந்தாள். அதில் துல்லியம் வராது. விடையும் வரவில்லை.

நான் பெரிய மனிதனாக இடையில் புகுந்தேன். “பிப்பெட்ட வாயில வச்சு இழு தாயி. பயப்படாத, உள்ள போகாது.”

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். “பயமெல்லாம் இல்ல சார்” என்றாள் ஹாஜிரா. “நோம்பு.”

எத்தனையோ பிப்பெட் விற்றிருக்கிறேன். இப்படி ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. விடியும் முன்னே சாப்பிட்டுவிட்டு, எச்சில்கூட யோசித்து விழுங்கிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரையும் சுமந்து வந்திருக்கிறாள். அவளிடம் போய்க் கரைசலை வாயால் உறிஞ்சச் சொல்கிறேன்.

“போன வாரம் வரைக்கும் இவதான் சார் மொத ஆளு” என்றார் டீச்சர். “இப்ப இந்த ஜாடியக் கட்டிக்கிட்டு நிக்கிறா. பரீட்சைக்கு வெளியூர்லருந்து ஆளு வருவாக. செய்முறையில போச்சுன்னா வேதியியலே போச்சு. வாயில பட்டதும் துப்பிரு, முழுங்கவா சொல்றேன்னு கேட்டுப் பாத்துட்டேன்.”

“தப்பித் தவறி ஒரு சொட்டு உள்ள போயிட்டா முறிஞ்சுருமே டீச்சர்.”

“பரீட்சை அன்னைக்கு மட்டும் விட்டுட்டு, அப்புறமா ஒரு நாள் வச்சுக்கக் கூடாதா?” என்று நான் கேட்டேன்.

“களா வச்சுக்கலாம் சார், விட்ட நோம்ப அப்புறம் வைக்கலாம்னு தெரியும்.” அவள் குனிந்தபடி ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “ஆனா பரீட்சைக்காக நோம்ப விட்டுட்டான்னு தெருவுல ஒரு பேச்சு வந்துட்டாப் போதும். அத்தா சவுதியில இருந்தே படிப்ப நிப்பாட்டச் சொல்லிருவாக. என்னைய இல்ல, நான் முடிச்சுட்டேன். பின்னாடி ரெண்டு தங்கச்சி இருக்கு. பெரியவ ஊர்ப் பள்ளிக்கூடத்துல எட்டாப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு தேர்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்று பேர் படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பெட்டியைத் திறந்து ரப்பர் பல்பை எடுத்தேன். அருப்புக்கோட்டையில் விலை போகாத அதே பல்பு. டீச்சர் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாராம். உச்சியில் வைத்து, மெல்ல விட்டு, கரைசல் பிப்பெட்டில் இருக்கும் அளவுக் கோட்டைத் தாண்டியதும் பல்பை எடுத்துவிட்டு விரலால் அடைக்க வேண்டும். எடுப்பதற்கும் அடைப்பதற்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்தான். சொல்வது எளிது. ஹாஜிரா செய்த முதல் தடவை கரைசல் முழுக்கப் பல்புக்குள் ஏறிவிட்டது. இரண்டாம் தடவை அடைக்கும் முன்னே சரசரவென்று இறங்கிவிட்டது. மூன்றாவதில் அவள் பல்பை வெடுக்கென்று பிடுங்கினாள். நோன்புக் களைப்பா, கோபமா தெரியவில்லை. வெளியே ஹாரன் கேட்டது.

“சார், உங்க பஸ்ஸு” என்றார் டீச்சர்.

“அது போகட்டும் டீச்சர்.”

எத்தனையாவது தடவையோ, கரைசல் கோட்டில் வந்து நின்றது. அவள் குனிந்து, கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். குடுவையில் இறக்கினாள், சொட்டு விட்டாள், நிறம் தட்டியது, நிறுத்தினாள். கணக்குச் சரியாக வந்தது. உடனே மற்ற பிள்ளைகள் “எங்களுக்கும் குடுங்க சார்” என்று சூழ்ந்துகொண்டார்கள். பல்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சாம்பிள் பல்பு உடைந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். ரப்பர் எப்படியப்பா உடையும் என்று அவர் வெகுநாள் என்னைக் கிண்டல் செய்தார்.

அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்தபோது எனக்கு நன்றாகக் கோபம் வந்தது. இரண்டு பள்ளிக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மதிப்பெண். ஓரிடத்தில் ஒரு டஜன் பல்பு இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. முப்பது கிலோமீட்டர் தள்ளி, அதில் ஒன்று இல்லாமல் ஒரு பெண் தவிக்கிறாள். அங்கே இருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை, இங்கே இருந்தவர்களும் சோம்பேறிகள் இல்லை. ஒருவர் லேப் எப்படி இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசியில் போங்கள், சித்திரையில் போனால் வெயில் வாட்டி எடுத்துவிடும். அருப்புக்கோட்டையில் தங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு திசை போவதுதான் வசதி. உள் ஊர்களுக்குப் பஸ் குறைவு, திரும்பும் பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும், கிணற்று நீர் பல ஊரில் உப்பு. ரமலானில் வீரசோழன் போனால் பகலில் சாப்பாடு தேடாதீர்கள், சாயங்காலம் வரை பொறுத்தால் நோன்புக் கஞ்சி கேட்காமலே கிடைக்கும். பள்ளிக்குள் போவதானால் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மிட்டாய் வேண்டாம். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு பூதக்கண்ணாடியோ காந்தமோ கொண்டுபோய், அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஹாஜிரா என்ன ஆனாள் என்று சொல்லாமல் முடித்தால் திட்டுவீர்கள். பள்ளி திறந்த பிறகு அந்தப் பக்கம் மறுபடி போனேன். கஸ்தூரி டீச்சர் பல்புக்கு ஆர்டர் வைத்திருந்தார். தேர்வுக்கு வந்தவர் பல்பை எடுத்துப் பார்த்துவிட்டு, “மத்த பிள்ளைகளுக்கு எங்க?” என்று ஒரே கேள்விதான் கேட்டாராம். ஹாஜிரா தேறிவிட்டாள், மதுரையில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் வராந்தாவில் போன ஒரு சிறுமியைக் கூப்பிட்டார். “இது அவ தங்கச்சி சார். ஒம்பதாப்புக்கு இங்க சேந்துருக்கா.”

“பரவாயில்லையே, வீட்டுல அனுப்பிட்டாகளா?” என்று கேட்டேன்.

“அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தால ஒரு நோம்புகூடப் போகலைல சார்” என்றாள் அவள். “அதான் என்னையும் விட்டாக.”