படிக்கட்டில் நழுவவிட்ட கண்ணி

சனிக்கிழமைதோறும் லிஃப்ட்காரர் ஒரு திருட்டுத்தனம் செய்வார். கம்பளி நூல் கடை இருப்பது இரண்டாம் மாடியில். படியேறும்போது முதல் திருப்பத்தில் நின்று மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. யாரும் இல்லையென்றால் பையிலிருந்து பின்னலை எடுத்து, ஊசியில் கோத்திருக்கும் நூல் வளையங்களில் ஒரே ஒரு கண்ணியை நழுவவிடுவார். துணியை அகலவாட்டில் இழுத்தால் அது ஏணிபோல நாலைந்து வரிசை கீழே இறங்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு மேலே போவார். அறுபது தாண்டிய மனுஷன், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத சாது, செய்கிற காரியமா இது? ஆனால் செய்தார்.

ஏன் என்று கேட்டால் அவருடைய பழைய ஸ்டூலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுக்குள், பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் கிடந்த அந்த ஸ்டூலில்தான் அவருடைய வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. "எந்த மாடி?" என்று இவர் கேட்பார். "அஞ்சு" என்பார்கள், "எட்டு" என்பார்கள். பேச்சு அதோடு சரி. அவர்கள் குடைத் தண்ணீர் இவர் செருப்பில் சொட்டும். அவர்கள் வீட்டுச் சண்டையெல்லாம் இவர் காதில் விழும். அத்தனை பேரில் ஒருவராவது "நீங்க எங்க போகணும்?" என்று இவரைக் கேட்டதுண்டா? லிஃப்ட்காரர் எங்கே போவார், கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஆறாம் மாடி டைப்பிஸ்ட் ஒருத்தி வேலையை விட்டுப் போன நாளில் ஒரு துணிப்பையை லிஃப்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். உள்ளே இரண்டு ஊசி, பாதி பின்னிய மஃப்ளர். வந்து வாங்கிக்கொள்வாள் என்று வெகுநாள் வைத்திருந்தார். வரவில்லை. சும்மா இருந்த கை சும்மா இருக்குமா? ஒரு வரிசையை அவிழ்த்துப் பார்த்தார். நூல் எந்த வழியாகப் போயிருக்கிறது என்று தெரிந்தது. மறுபடி போட்டார். பின்னக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. அவிழ்த்தே பின்னலைக் கற்றுக்கொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

லிஃப்டில் பின்னுவதில் ஒரு வம்பு. வரிசை முடியட்டும் என்று மணி காத்திருக்காது. கதவு திறக்கும்போது பாதியில் நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கிறவர்கள், புதிதாகக் கற்றவர்களாக இருந்தால், எந்த ஊசி எந்தக் கைக்கு என்று குழம்பி, வந்த வழியே திரும்பிப் பின்னிவிடுவார்கள். துணி நடுவில் ஓட்டை விழுந்துவிடும். இவருடைய முதல் மஃப்ளரில் மாடிக்கு ஒரு ஓட்டை இருந்தது! பிறகு கைக்குப் பழகிவிட்டது. நூல் தொங்குகிற ஊசி வலது கைக்கு, அவ்வளவுதான் சூட்சுமம். கண் கதவின் மேல் இருக்க, கை தன்பாட்டுக்கு விட்ட இடத்திலிருந்து போகும்.

அப்புறம் ஆள் வேண்டாத லிஃப்ட் வந்தது, ஓய்வும் வந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஒற்றை அறை, ஒற்றை நாற்காலி. வெளியூரில் இருக்கும் தம்பி எப்போதாவது போன் செய்வான். "அண்ணே, நல்லாருக்கீங்கல்ல? சரி, வச்சிடறேன்" என்று, இவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவான். சில நாட்களில் சாயங்காலம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது இருமும்போதுதான் அவருக்கே தெரியும். தொண்டை கட்டியிருக்கும்.

நூல் வாங்கப் போன இடத்தில்தான் அந்தப் பின்னறையைக் கண்டார். சனிக்கிழமை ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து பின்னினார்கள். தையல்காரம்மா, பள்ளி வேன் ஓட்டுகிறவர், நர்ஸ் அக்கா, கடைக்காரம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வேன்காரர் வீட்டில் குழந்தை பிறந்தபோது ஆளுக்கு ஒரு தொப்பியாகப் பின்னிக் குவித்துவிட்டார்களாம். "நீங்களும் வாங்களேன் சார், ஆம்பளைங்க பின்னக் கூடாதுன்னு சட்டமா?" என்றார் கடைக்காரம்மா.

முதல் நாள் கண்ணி நழுவியது நிஜமாகவே விபத்து. பஸ் நெரிசலில் ஊசி நழுவிவிட்டது. எடுத்துப் போட இவருக்கு அரை நிமிஷம் போதும். அதற்குள் டீச்சர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டுவிட்டார். "குடுங்க சார் இப்படி. பயப்படாதீங்க, எல்லாருக்கும் ஆகறதுதான்" என்று கொக்கி முனை வைத்த குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக ஏற்றினார். ஏற்றிக்கொண்டே தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதையும், மகள் கூப்பிட்டும் அவள் ஊருக்குப் போகப் பிடிக்காததையும் சொன்னார். யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவருக்கென்று, இவரிடம் பேசினார். "எனக்கே தெரியும் டீச்சர்" என்ற வார்த்தை தொண்டைவரை வந்து உள்ளே போய்விட்டது.

அடுத்த வாரம்தான் அந்தப் படித்திருப்பத்தில் முதல்முறை நின்றார்.

"என்ன சார், இன்னிக்கும் போச்சா?" என்று தையல்காரம்மா கிண்டல் செய்வார். "டீச்சர், உங்க மாணவர் இந்த வருஷமும் பெயில்தான்!" எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். குட்டு வெளிப்பட்டால் என்ன ஆகும் என்று மட்டும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பார். ஏமாற்றுக்காரன் என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்த நாற்காலி இழுபடும் சத்தம் இல்லாமல் போய்விடும்.

கொஞ்ச நாளாக ஒன்றைக் கவனித்தார். டீச்சர் ஏற்றுகிற கண்ணி தப்பாக ஏறியது. ஒரு படியை விட்டுவிடுவார், இல்லையென்றால் பக்கத்துக் கண்ணியின் நூலைச் சேர்த்துப் பிடித்துவிடுவார். விரலால் தடவித் தடவித் தேடினார். இவர் வீட்டுக்குப் போய் அதைப் பிரித்துச் சரியாகப் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் "நீங்க போட்டது எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க" என்று காட்டினார்.

அந்த நேரத்தில் நர்ஸ் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆளுக்கொரு சதுரம் வீட்டில் பின்னி வருவது, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து அவருக்குப் போர்வையாகக் கொடுப்பது என்று முடிவானது. எல்லோருக்கும் ஒரே நீல நூல். யார் சதுரம் எது என்று எழுதத் தேவையில்லை, பையில் போட்டால் போதும் என்றார்கள். அதுதான் லிஃப்ட்காரரைக் கெடுத்தது. யாருக்கும் தெரியப்போவதில்லையே என்று கட்டிப்போட்டிருந்த கையை அவிழ்த்துவிட்டார். இலைமேல் இலையாக, நடுவில் நரம்பு ஓட, அப்படி ஒரு சதுரம்.

சனிக்கிழமை தையல்காரம்மா பையை மேஜையில் கொட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம் அவர். இலைச் சதுரம் கைக்கு வந்ததும், "அடேயப்பா! இது டீச்சர் கை. சந்தேகமே இல்ல" என்று தூக்கிக் காட்டினார். எல்லோரும் கை மாற்றி மாற்றிப் பார்த்து வியந்தார்கள். அடுத்து ஒன்று வந்தது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், நடுவில் இரண்டு ஏணி. "இதுக்கு சோதிடம் பார்க்கணுமா? நம்ம லிஃப்ட் சார்தான்!"

சிரிப்பு அடங்கவில்லை. லிஃப்ட்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை. மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்.

இலைச் சதுரம் வேன்காரர் கையில் இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், "இது என்னுது" என்று சொல்ல லிஃப்ட்காரருக்கும் ஆசைதான். நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாம்மா, என்னுதுதான்" என்றார், ஏணி விழுந்த சதுரத்தைக் காட்டி. "எவ்வளவு பாத்தும் கை வரல."

"இதை எப்படி சார் சேக்கறது? பிரிச்சுட்டு வேற போட்டுக் குடுங்க" என்றார் தையல்காரம்மா.

"அதையும் சேத்துடுங்க" என்றார் டீச்சர். குரல் கரகரத்தது. "மனசாரப் போட்டதும்மா அது."

டீ வந்தது. பேச்சு வேறு பக்கம் போனது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த இலைய எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்றார்.

லிஃப்ட்காரர் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார்.

"மொத மாசமே தெரியும்" என்றார் டீச்சர். "டீ வந்தா வரிசை நடுவுல அப்படியே வச்சிடுவீங்க. திரும்ப எடுக்கறப்ப கீழ பாக்கவே மாட்டீங்க, ஒரு தடவைகூடத் திசை மாறினதில்ல. புதுசா பின்றவங்களுக்கு அது ஆயுசுக்கும் வராது சார்."

"அப்ப ஏன் டீச்சர் சொல்லல?"

"சொன்னா நான் யார் பக்கத்துல போய் உக்காருவேன்?"

லிஃப்ட்காரருக்கு அழுகை வந்தது. அதை விழுங்கத் தெரியாமல் டீயைக் குடித்தார்.

"டாக்டர் கைய விரிச்சுட்டார் சார். இன்னும் கொஞ்ச நாள்தான் கண்ணு ஏதோ தெரியுமாம். இந்தப் படியில தனியா ஏற பயமா இருக்கு. இன்னியோட நிறுத்திக்கலாம்னுதான் வந்தேன்."

கடை மூடும்போது இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். டீச்சர் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார். "ஒன்னாம் மாடி" என்றார் லிஃப்ட்காரர், பழக்கதோஷத்தில். டீச்சர் சிரித்துவிட்டார். திருட்டுத்தனம் செய்கிற அந்தத் திருப்பத்தை லிஃப்ட்காரர் நிற்காமல் கடந்தார். "தரைத் தளம். பாத்து, கடைசிப் படி."

தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். டீச்சர் வீடு இடது பக்கம். லிஃப்ட்காரர் ஏற வேண்டிய பஸ் வலது பக்கம் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"நீங்க எங்க சார் போகணும்?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி இடது பக்கம் திரும்பினார். பிறகு, "உங்க பக்கந்தான் டீச்சர்" என்றார்.