தனம் அக்காவின் இடது கை

எங்கள் ஸ்கேன் சென்டரில் ஆளைப் பார்த்துத்தான் இதயத்தைப் படம் எடுத்தோம். எடுத்தவன் நான்.

காய்ச்சிய பாலும் பன்னும் மணக்கும் அந்த அறை இன்னும் நினைவிருக்கிறது... கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றியதும் நோயாளிக்குப் பால் கொடுத்து உட்கார வைப்போம். கல்லீரலில் தேங்கிய மருந்து இறங்கினால்தான் பக்கத்தில் இருக்கும் இதயம் தெளிவாகத் தெரியும். புதுச்சேரியில் எனக்கு அதுதான் முதல் வேலை.

தனம் அக்கா பிள்ளைச்சாவடிக்காரர். மார்க்கெட்டில் மீன் விற்பவர். நெஞ்சு அடைக்கிறது என்று அனுப்பியிருந்தார்கள்.

"என்னா தம்பி, என்னையும் ஐஸ்ல போட்டு வெக்கப் போறீங்களா?" ஏசி குளிரில் படுத்தபடியே கேட்டார்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்து இருபது நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கூடை சுமந்து தேய்ந்த இடது தோள் பாதியிலேயே நடுங்கியது.

"கை கடுக்குது தம்பி. செத்த எறக்கிக்கிறேன்."

"ஆடாதக்கா. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்திருக்கலாம். அலமாரியில் இருந்தது. எழுந்திருக்க எனக்குச் சோம்பல்.

"நடுவுல கை நழுவிடுச்சி தம்பி, பரவால்லியா?"

"ஒண்ணும் இல்லக்கா."

படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். நடுவில், அவர் கை நழுவிய இடத்தில், படத்தில் இதயம் ஒரு குதி குதித்தது. மறுபடி எடுக்கப் புது ஊசிகூட வேண்டாம்... இன்னொரு இருபது நிமிடம், அவ்வளவுதான். சீனியர் எட்டிப் பார்த்தார்.

"வெளிய ஏழு பேரு குந்தினு இருக்காங்க. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம், எறக்குடா."

முந்தின நாள்தான், எல்லோரும் 'முசே' என்று மரியாதையாகக் கூப்பிடும் பெரிய வீட்டு ஐயா ஒருவர் இருமினார் என்பதற்காக முழுதாக மறுபடி எடுத்திருந்தோம்.

கம்ப்யூட்டர் பாதிதான் சரி செய்தது. டாக்டருக்குப் போகும் தாளில் 'நோயாளி அசைந்தாரா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அசைவால் படத்தில் விழுந்த மங்கலைப் பார்த்து, அடைப்பு இருக்கலாம் என்று ரிப்போர்ட் போனது. ஆஞ்சியோவுக்கு வரிசையில் காத்திருந்து, அடைப்பே இல்லை என்று தெரிய மூன்று மாதம் ஆனது. அதுவரை வீட்டில் அவரைக் கூடை தூக்க விடவில்லை. மார்க்கெட்டில் அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது வேறு சென்டரில் இருக்கிறேன். புது கேமரா, ஐந்து நிமிடத்தில் முடிகிறது. படம் அவ்வளவு துல்லியம். படத்தின் தரம் பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன்... அந்தத் தாளைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

போன வாரம் அரியாங்குப்பத்தில், தலையில் அலுமினியச் சட்டியோடு தெருத் தெருவாக நெத்திலி கூவி விற்றுக்கொண்டிருந்தார் தனம் அக்கா. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"ஸ்கேன் தம்பிதான நீ? கை நழுவிடுச்சின்னு அன்னிக்கே சொன்னன் இல்ல. அத டாக்டராண்ட சொன்னியா?"

நான் வண்டியைக் கிளப்பினேன்.

"சொன்னியா இல்லியா... அத மட்டும் சொல்லிட்டுப் போ தம்பி."