ஹாரோவிலிருந்து வந்த கறைச் சட்டை

ஸ்பெயினில் ஒயினுக்குப் பேர்போன ஹாரோவிலிருந்து, புதுச் சட்டைகள் தைக்க அளவுக்காக என் கம்பெனிக்கு அனுப்பிய பழைய வெள்ளைச் சட்டையைப் பிரித்தேன். புளித்த திராட்சை வாசம். துணியெங்கும் ஊதாக் கறை. தலைமுறை தலைமுறையாகத் திருவிழாவில் ஒருவர்மேல் ஒருவர் ஒயின் ஊற்றிக்கொள்வார்களாம். தாத்தா போட்டு நனைந்த சட்டையைப் பேரன் பத்திரமாக வைத்திருப்பானாம்.

ராயபுரத்தில் எட்டு வயதில் என் புது வெள்ளைச் சட்டையிலும் இதே ஊதா, நாவல்பழச் சாறு. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“துவைச்சுப் பார்க்கலாமுங்க,” என்றாள் அம்மா.

“கறை பட்டா ரிஜெக்ட்தான் கண்ணு,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கம்பெனி மிஷின் துடைக்க அந்தச் சட்டையை நான்காக வெட்டினார்.

ஹாரோக்காரர்களின் ஆர்டரைப் படித்தேன்: புதுச் சட்டைகளில் ஒரு பொட்டுக் கறைகூட இருக்கக் கூடாதாம். அவர்களுடைய கறைச் சட்டையை அப்பாவைப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

முதலில் அளவெடுத்துக்கொண்டேன். பிறகு அவர்கள் சட்டையை நான்காக வெட்டினேன்.